எழுத்துத் திரையை எடுத்த மகனுக்கு

வாசு,

இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் சொல்லி எழுத வைக்கவில்லை. அவரிடம் சொன்னால் என் கோபத்தில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார். 'ஏன்டா இப்படிச் செய்தாய்' என்று நான் சொல்வேன், 'நீ செய்தது எனக்குச் சற்று வருத்தம்' என்று அவர் எழுதுவார். எனக்கு வருத்தமில்லை, கோபம். அதனால்தான் பரணிலிருந்து பழைய தமிழ்த் தட்டச்சை இறக்கச் சொல்லி நானே அடிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சில் ஹையர் பாஸ் செய்த விரல்கள் இவை. கண் போனதில் இவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்காவது புள்ளி விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துப் படித்துக்கொள். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதும் இல்லை. சாப்பாட்டு மேஜைமேல் கிடக்கும். வீட்டுக்கு வருகிற யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். நம் வீட்டில் மூடி மறைத்தது போதும்.

அடுத்த புதன்கிழமை நீ அமெரிக்கா போகிறாய். இரண்டாயிரம் பிறப்பதற்குள் அங்கிருக்கிற கம்ப்யூட்டர்களின் தேதியையெல்லாம் சரிசெய்ய மெட்ராஸிலிருந்து விமானம் விமானமாகப் பையன்கள் ஏறுகிறார்கள், அதில் நீயும் ஒருவன். மந்தைவெளியில் நம் தெருவே உனக்கு வாழ்த்துச் சொல்கிறது. நானும் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னிடம் மட்டும்தான் இரண்டு மாதமாக அளந்து பேசுகிறேன். "அம்மா ஏன்ப்பா ஒரு மாதிரி இருக்காங்க?" என்று நீ கேட்டாயாம். "நீ போறேல்ல, அந்தக் கவலைடா" என்றாராம் உன் அப்பா. அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் நீ, ஆனால் எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

வரிசையாகச் சொல்கிறேன். அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது எனக்குப் பார்வை நன்றாக இருந்தது. நீ மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம் ஓரங்கள் மங்கத் தொடங்கின. நாளாக நாளாக, புனல் வழியாகப் பார்ப்பதுபோல் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்தார். நீ பிளஸ் டூ எழுதியபோது எனக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிச்சம். அந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. இனி இவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தபோது, எனக்குப் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்தது அந்தக் கறுப்புத் திரை. அதில் எழுத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. எழுத்தை வாசித்துச் சொல்கிற ஒரு பெட்டி அப்போது வெளிநாட்டில் கிடைத்தது. எங்கள் நூலகர் தன் மைத்துனரிடம் சொல்லி வரவழைத்தார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் மாதிரிப் பேசும். திரையில் என்ன எழுத்து வந்தாலும் அது வாசிக்கும், நான் விசைப்பலகையில் பதில் அடிப்பேன். படம் வந்தால் அது ஊமை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மேலே சொல்லப் போகிறது எல்லாம் யாருக்கும் புரியும்.

மூன்றே வருஷத்தில் நூலகத்தின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நான்தான் வைத்தியம் பார்க்கிறவள் ஆனேன். ஏதாவது ஒன்று படுத்துவிட்டால், அதைத் துடைத்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றுவது என் வேலை. அதற்கு எனக்கு வழி செய்து கொடுத்தது யார்? நீதான். இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, சால்டரிங் புகையில் இருமிக்கொண்டே ஒரு கேபிள் செய்தாய். ஒரு முனை பேசும் பெட்டி வைத்த என் பழைய கம்ப்யூட்டரில், மறுமுனை புதிதாக ஏற்ற வேண்டிய கம்ப்யூட்டரில். அது தன் திரையில் எழுத வேண்டிய கேள்வியை எல்லாம் கேபிள் வழியாக என் பக்கம் அனுப்பும். எந்த மொழி வேண்டும், எந்த விசைப்பலகை, வட்டை முழுதும் அழிக்கலாமா, ஒவ்வொரு கேள்வியாகப் பெட்டி கேட்கும். நான் அம்புக்குறியைத் தட்டுவேன், என்டர் அடிப்பேன். முதன்முதலாக அது "வெல்கம்" என்று சொன்னபோது நீ துள்ளிக் குதித்ததில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. நீயும் நானும் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குமுன் சிரித்ததில்லை. ஊரில் எத்தனையோ புரோகிராமர்கள் இருக்கிறார்கள் வாசு. எழுத்துத் திரை எதற்கு வேண்டும், யாருக்கு வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரியாமல் போகலாம். உனக்குத் தெரியும். உன் கையால் பற்றவைத்துத் தெரிந்துகொண்டாய்.

படிப்பு முடிந்ததும் தி.நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாய். இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்து, கல்லூரிக்கும் நூலகத்துக்கும் தோதாகக் கட்டி, ஒரு குறுந்தகட்டில் போட்டு விற்கிற கம்பெனி. அதன் முதல் தகடு எழுத்துத் திரையில்தான் ஓடியது. நான்தான் எங்கள் நூலகரிடம் சொல்லி அதை வாங்க வைத்தேன். என் மகன் வேலை செய்கிற கம்பெனி என்று சொல்லவில்லை, சிபாரிசு என்று நினைப்பார்களே என்று. அதுவும் ஒரு மறைப்புத்தான்.

இந்த வருஷம் இரண்டாவது தகடு வந்தது. நூலகத்து அட்டெண்டர் ஜெயா பெட்டியைப் பிரித்துத் தகட்டை எடுத்துக் கொடுத்தாள். வழக்கம்போல கேபிளைச் செருகினேன், முதல் வரியை அடித்தேன், காத்திருந்தேன். பெட்டி வாய் திறக்கவில்லை. கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி மறுபடி, மத்தியானம் வரைக்கும். என் காது கெட்டுப்போனதோ என்றுகூட ஒரு நிமிஷம் பயந்தேன். கடைசியில் ஜெயாவைக் கூப்பிட்டு, திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"அக்கா, சோக்கா கீதுக்கா! நீலக் கலர்ல மலை, மேகமெல்லாம் போட்டுக்கீறான். கீழ ஒரு பொத்தான் கீது. எலிய வச்சு அமுக்கவா?" என்றாள்.

அமுக்கச் சொன்னேன். எட்டாவது வரை படித்த ஜெயா, கம்ப்யூட்டரைத் துடைப்பதற்கு மட்டுமே தொட்டிருந்த ஜெயா, பத்து நிமிஷத்தில் சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். படம் அவளுக்கு ஒரு கதவைத் திறந்தது. திறக்கட்டும், நன்றாகத் திறக்கட்டும். அந்தப் படத்தை எடு என்று நான் இன்றைக்கும் சொல்லவில்லை. ஒரு கதவைத் திறக்கிறவன் இன்னொரு கதவை ஏன் செங்கல் வைத்து அடைத்தான் என்பதுதான் என் கேள்வி.

ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் ஒவ்வொரு படமாக மாறியதாம். ஜெயா வேடிக்கை பார்த்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதச் செஞ்சவங்க பேரெல்லாம் வருதுக்கா. கவிதா, பிரபு, சுரேஷ். மேல பெருசா ஒரு பேரு. கே. வாசுதேவன்." அவளுக்கு உன்னைத் தெரியாது. மெட்ராஸில் எத்தனையோ வாசுதேவன் இருக்கிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே நூலகர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், அதனால் அவர் சொன்னது இன்னும் கசந்தது. "இனிமே ஜெயாவே பண்ணிடும்போல இருக்கேம்மா. நீங்க எதுக்குச் சிரமப்படணும்? டெலிபோன் போர்டுல உட்காந்துக்குங்க. ரொம்ப ஈசியான வேலை" என்றார். எனக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் இந்த 'ஈசி'யைத்தான் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நீ வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். நம் இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்.

"புதுத் தகட்டுல எழுத்துல ஏத்துற டெக்ஸ்ட் இன்ஸ்டாலர் ஏன்டா இல்லை?"

"எடுத்துட்டோம்மா. ரெண்டையும் வச்சுக்கிட்டு ரெண்டையும் டெஸ்ட் பண்ண ஆளில்லை. உலகமே கிராஃபிக்ஸுக்குப் போயிட்டுது."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"கம்பெனி முடிவும்மா."

"நான் எப்படிடா ஏத்துறது?"

நீ செருப்பை ஓரமாகத் தள்ளினாய். பிறகு சொன்னாய். "உன்ன மாதிரி எத்தனை பேரும்மா இருப்பாங்க? ஒரு ஆளுக்காகப் பண்ண முடியுமா?"

ஒரு ஆள். சரி. அந்த ஒரு ஆள், உனக்கு டைபாய்டு வந்தபோது இருபத்தொரு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. பெற்றவள் செய்ததைச் சொல்லிக்காட்டினால் அது பெற்றதற்கே அழகில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நீ போகிற ஊரிலும் யாராவது ஒருவர் உன்னிடம் வந்து 'இதை யாரும் பயன்படுத்துவதில்லை, எடுத்துவிடலாமா' என்று கேட்பார்கள். 'யாரும்' என்று சொல்வதற்குமுன் எழுந்து போய் நாலு பேரைக் கேள். கேட்காமல் கணக்கில் விட்டுப்போகிறவர்கள், எண்ணிக்கையில் ஒன்றாக இருந்தாலும் அவரவர் வீட்டில் முழு ஆள்தான்.

நான் உன் கம்பெனி முதலாளியை நேரில் பார்க்கப் போகிறேன் என்று அப்போதே சொன்னேன். "வராதம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றாய். நான் விடவில்லை என்றதும், "வியாழக்கிழமையா? அன்னிக்கு நான் ஆபீஸ்ல இருக்க மாட்டேன். அம்பத்தூர்ல ஒரு கிளையன்ட்டுகிட்டப் போறேன்" என்றாய். அம்பத்தூர். அந்தப் பெயரை நீ சொன்ன அவசரத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பெட்டியையும் கேபிளையும், பெட்டியைப் பேச வைக்கிற பிளாப்பியையும் வயர் கூடையில் வைத்து, ஜெயா ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். பாண்டி பஜார் பின்தெருவில் ஆட்டோக்காரர் இறங்கி என் கையைப் பிடித்துப் படிக்கட்டு வரை விட்டார். "இன்னாக்கா, மாடி ரெண்டு கீது, லிப்ட் இல்ல. கூடயக் குடு, நான் தூக்கியாறேன்" என்றார். முப்பத்தெட்டுப் படி. எண்ணி ஏறினேன். உங்கள் முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். விஷயத்தைச் சொன்னதும், "இன்ஸ்டாலர் பண்ணின டீமையே கூப்பிட்டுடறேன் மேடம், அவங்களும் கேட்கட்டும்" என்று எழுந்து போய் அழைத்துவந்தார். நாற்காலிகள் இழுபட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. சற்று நேரம் கழித்து, கதவுக்குப் பக்கத்தில், நாலாவது.

வாசு, ஏழு வயதில் நீ ஊஞ்சலிலிருந்து விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ படபடப்பாக மூச்சு விட்டால் இடது மூக்கில் ஒரு சின்ன விசில் கேட்கும். உனக்கே அது கேட்காது. வேறு யாருக்கும் கேட்காது. பதினெட்டு வருஷமாக அது எனக்குக் கேட்கிறது. நீ பக்கத்து அறையில் தூங்குகிறாயா, தூங்குவதுபோல் படுத்திருக்கிறாயா என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அந்த அறையில், கதவோரத்து நாற்காலியிலிருந்து அது கேட்டது.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்றால் நம்புவாயா? அம்பத்தூர் போகவில்லை, எனக்காக இருந்துவிட்டான் என்று நினைத்தேன். இதோ இப்போது பேசுவான், 'சார், இவங்க எங்கம்மா' என்பான் என்று காத்திருந்தேன். காத்துக்கொண்டே அவர்கள் கம்ப்யூட்டர் இரண்டைக் கேபிளால் இணைத்து, பழைய தகட்டைப் போட்டு ஏற்றிக்காட்டினேன். பெட்டி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது, நான் பதில் அடித்தேன். பாதியில் முதலாளிக்குப் போன் வந்து வெளியே போனார். எனக்கு அதுதான் நல்ல சமயமாகப் பட்டது. முதலாளி முன்னால் கூச்சமாக இருக்கும் பிள்ளைக்கு, இப்போது சொல்லட்டும் என்று நானே வழி செய்து கொடுத்தேன். "உங்க பேரெல்லாம் சொல்லுங்கப்பா. குரல் தெரிஞ்சா எனக்குப் பேசறதுக்கு வசதி" என்றேன்.

"கவிதா, மேடம்."

"பிரபுங்க."

"சுரேஷ்."

அப்புறம் ஒன்றும் இல்லை. பெட்டி மட்டும் ஏதோ ஒரு கோப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வேற யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

கவிதா, "அது வந்து மேடம்..." என்று ஆரம்பித்தாள். சட்டைத் துணி உரசுகிற சத்தம் கதவோரத்திலிருந்து கேட்டது. கையை ஆட்டினாயா, உதட்டில் விரலை வைத்தாயா, தெரியாது. "இல்லைங்க மேடம். நாங்க மூணு பேருதான்" என்று முடித்தாள். உன் மூக்கு விசிலடித்துக்கொண்டே இருந்தது.

கண் தெரியாதவர்கள் முன்னால் பேசாமல் இருந்தால் இல்லாமல் போய்விடலாம் என்று யாரோ தெருவில் போகிறவன் நினைக்கலாம். நீ நினைத்தாய். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் கொதித்தது. எழுந்து வந்து உன் காதைப் பிடித்து இழுத்து, 'இவன் என் பிள்ளை, மூணு பேரில்லை, நாலு பேர்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. நான் வந்தது என் வேலைக்காக. அதை முடித்துக்கொண்டு போவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலாளி திரும்பி வந்தபோது சிஸ்டம் ஏறி முடிந்திருந்தது. "அடேங்கப்பா! கண்ணு தெரியாமலே இத்தனையும் பண்றீங்களே மேடம்!" என்று கைதட்டினார். "கைதட்டு வாங்க வரலை சார். இப்ப உங்க புதுத் தகட்டைப் போடுங்க" என்றேன். போட்டார்கள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அத்தனை பேரையும் அந்த அமைதியைக் கேட்க வைத்தேன். "இவ்வளவுதான் சார். என் வேலை இங்கதான் நின்னுபோச்சு" என்றேன்.

"இதை ஏன்ப்பா எடுத்தோம்?" என்று கேட்டார் அவர். "யாருமே யூஸ் பண்றதில்லைன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? எடுத்துடலாம்னு நீங்க சொன்னதுனாலதானே நான் சரின்னேன்?"

கம்பெனி முடிவு என்று சொன்னாயே வாசு. அதுவும் பொய். பட்டியலில் மேலே பெரிதாகப் பெயர் போட்டுக்கொண்டவன்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. திறந்தது கவிதா. "பழைய புரோகிராமை அழிக்கலை சார். எங்கிட்ட இருக்கு. திரும்பச் சேர்த்துடலாம். எனக்கு ரெண்டு வாரம் குடுங்க." யார் பெற்ற பெண்ணோ. நான் யாரென்றுகூடத் தெரியாது அவளுக்கு.

அன்று இரவு நீ வீட்டுக்கு வந்து, "என்னம்மா, போனியா? எங்க சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டாய். "அம்பத்தூர் வேலை முடிஞ்சுதா?" என்று நான் கேட்டேன். "ம், முடிஞ்சுது" என்றாய். அதற்கப்புறம்தான் நான் உன்னிடம் அளந்து பேச ஆரம்பித்தேன்.

இத்தனையையும் உன் தலையில் மட்டும் போட்டு முடித்துவிடலாம். முடிக்க ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக ராத்திரி படுத்தால் எனக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. நீ ஐந்தாவது படிக்கும்போது, ஆபீசில் யாருக்கும் தெரியாமல் என் பார்வைக் குறையை நான் மறைத்துக்கொண்டிருந்த காலம். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். பஸ் நம்பரை நீதான் பார்த்துச் சொல்வாய். படி வந்தால் என் சுண்டுவிரலை ஒரு தடவை அழுத்துவாய். உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் நீட்டிய பேனா எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நான் காற்றில் துழாவினேன். பையன்கள் சிரித்தார்கள். நீ சத்தமாகச் சொன்னாய்: "சிரிக்காதீங்கடா, எங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது." வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு நான் உன்னை அறைந்தேன். இரண்டு கன்னத்திலும். "இனிமே வெளியில யார்கிட்டயாவது சொன்னே, அம்மா செத்துப்போயிடுவேன்" என்றேன். பத்து வயதுப் பிள்ளையிடம். நீ அழுதுகொண்டே "சொல்ல மாட்டேம்மா" என்றாய். நீ வாக்குத் தவறாதவன். இன்று வரைக்கும் சொல்லவில்லை.

அது நான் செய்த தப்பு. எந்தச் சாக்கும் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நீ தைரியசாலி, நான் கோழை. ஆனால் இதைச் சொல்லிவிட்டதால் உனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைக்காதே. பத்து வயதில் அடிக்குப் பயந்தாய், சரி. இருபத்தைந்து வயதில் உன்னை அந்த அறையில் யார் அறைந்தது? நான் மறைத்தேன், வேலைக்குப் பயந்து. பிறகு நானே ஒருநாள் நூலகர் எதிரே போய் நின்று சொல்லிவிட்டேன். தலை போகவில்லை. நீ என்னத்துக்குப் பயந்து மறைத்தாய்? கண் தெரியாத அம்மா இருக்கிறாள் என்று தெரிந்தால் சம்பளத்தைக் குறைப்பார்களா? இல்லை, அவளுக்குத் தேவையானதைத் தெரிந்தே எடுத்தவன் என்று தெரிந்துவிடுமே என்று பயமா? எனக்குப் பதில் வேண்டாம். நீ உனக்குச் சொல்லிக்கொள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நூலகர் கொடுத்த பதினைந்து நாளை ஒரு மாதமாக நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். கவிதா சொன்ன இரண்டு வாரம் மூன்று வாரம் ஆயிற்று, ஆனால் புதுத் தகட்டோடு அவளே அடையாறுக்கு வந்தாள். முதலில் ஒரே ஒரு கேள்வி வருகிறது: படமா, எழுத்தா. ஐந்து விநாடி காத்திருந்தால் படம், ஒரு விசையைத் தட்டினால் எழுத்து. ஜெயாவுக்கு அவள் மலையும் மேகமும் இருக்கிறது, எனக்கு என் வெள்ளைக்காரன் பேசுகிறான். நாள் முழுக்க இருந்து மூன்று கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோம். எந்தக் கேள்வியைப் பெட்டி இரண்டு தடவை வாசிக்கிறது, எங்கே திணறுகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். டெலிபோன் போர்டைப் பற்றி நூலகர் அப்புறம் பேசவே இல்லை. ஜெயா இப்போது எனக்கு உதவியாள், அவளுக்கு அது பெருமை.

கிளம்பும்போது கவிதா வாசலில் நின்றுவிட்டாள். "மேடம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த ரூம்ல நாங்க நாலு பேரு இருந்தோம். நான் இல்லைன்னு சொல்லிட்டேன். எனக்கு மனசே சரியில்லை."

"தெரியும்மா" என்றேன்.

"அவர் யாருன்னும் தெரியுமா?"

வாசு, அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாது" என்றேன். உன்னை அவர்கள் முன்னால் சின்னவனாக்க மனசு வரவில்லை. உனக்காக நான் மறைத்தேன். அவள் போன பிறகு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. உன்மேல் எனக்கிருந்த கோபம் அந்த நிமிஷத்தில்தான் கொதிநிலைக்குப் போனது. என் வாயிலிருந்து அந்தப் பொய்யை வரவழைத்துவிட்டாயே என்று. அதுதான் கடைசி. இனி உனக்காகவும் சொல்ல மாட்டேன், எனக்காகவும் சொல்ல மாட்டேன்.

ஆகையால் என் முடிவைக் கேட்டுக்கொள். புதன்கிழமை மத்தியானம் மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய் விமானம் ஏறுகிறாய். உன் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வழியனுப்ப வருகிறார்கள் என்று அப்பா சொன்னார். முதலாளி, பிரபு, சுரேஷ், கவிதா, எல்லாரும். நானும் வர வேண்டும் என்றால், நீ என் கையைப் பிடித்து அவர்கள் நடுவில் அழைத்துக்கொண்டு போய், 'இவங்கதான் எங்கம்மா, அன்னிக்கு நானும் அந்த ரூம்ல இருந்தேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அழ வேண்டாம், காலில் விழ வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் போதும்.

சொல்வாயென்றால் செவ்வாய்க்கிழமைக்குள் எனக்குச் சொல். லீவு போடுகிறேன். முடியாதென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு, அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. புதன்கிழமை நான் வழக்கம்போல் எட்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். இரண்டு கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அம்மா